விஞ்ஞானச் சாளரம்: நீர்ச்செடியிடம் சேரும் வெள்ளி



சென்ற திங்களில் நம் சங்கக் கூட்டம் முடிந்து சான்பாடா இரயில் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். உறுப்பினர் ஒருவருடைய தாயார் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். மணமாகி மாட்டுங்காவுக்கு வந்து, செம்பூரில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, இப்பொழுது பேரன் வீட்டில் இங்கே வாழ்கின்ற முதிய அம்மையார் அவர்.

“தம்பி, என் பேரன் புதிதாகக் காலுறை வாங்கி வந்திருக்கிறான். அதில் வெள்ளி கலந்திருக்கிறதாம். எத்தனை நேரம் அணிந்தாலும் நாற்றம் வீசாதாம். என் பிள்ளைகளுக்கு நான் வெள்ளிப் பாலாடையில்தான் பால் புகட்டினேன். அந்தப் பாலாடை இன்னும் என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. காலுறையில் இருக்கும் வெள்ளி துவைக்கத் துவைக்க எங்கே போகும்?”

“தண்ணீரோடு போகும், அம்மா” என்றேன்.

“அந்தத் தண்ணீர் எங்கே போகும்?”

அதற்குள் வண்டி வந்துவிட்டபடியால் முழு விடை கூற இயலவில்லை. அன்று அம்மையாருக்குச் சொல்ல வேண்டியிருந்ததை இம்மாதம் நேயர்கள் எல்லோருக்கும் சொல்லுகிறேன். பார்வைக்குச் சிறிய கேள்வியாயினும், அது நம் வீட்டுக் குளியலறையில் தொடங்கித் தாணே கடற்கழியின் சேறு வரையில் நம்மை அழைத்துச் செல்கின்றது.

ஒரு தோலா வெள்ளியின் பரப்பு

பாலாடையும் காலுறையும் கொண்டிருப்பது ஒரே உலோகந்தான். வேறுபாடு துகளின் அளவில் இருக்கின்றது. துணியில் சேர்க்கப்படும் வெள்ளி பல சமயங்களில் ‘நானோ’ துகளாக உள்ளது. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு நானோமீட்டர் ஆகும். 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள துகள்களை நானோ துகள்கள் என்கிறார்கள். நம் தலைமுடி ஒன்றின் பருமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் என்றால், இத்துகள்களின் நுண்மையை நேயர்கள் ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சிறிதாக்குவதால் என்ன பயன்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள கனசதுர வெள்ளிக் கட்டியின் எடை ஏறக்குறைய 10.5 கிராம், ஒரு தோலாவுக்குச் சற்றுக் குறைவு. அதன் ஆறு முகங்களும் சேர்ந்து 6 சதுர சென்டிமீட்டர் பரப்பு உடையவை. அதே கட்டியைப் பக்கத்துக்கு 10 நானோமீட்டர் உள்ள சிறு கட்டிகளாக நறுக்க முடியுமானால், அவற்றின் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டராகிவிடும்; அதாவது ஏறக்குறைய 6,450 சதுர அடி. சதுர அடிக் கணக்கில் வீடு தேடி அலைந்த நம்மவர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். ஒரு தோலாவுக்கும் குறைந்த வெள்ளியைக் கொண்டு, 500 சதுர அடி வீடுகள் பன்னிரண்டின் தரையை மூடிவிடலாம்!

வெள்ளி தன் வேலையைச் செய்வது மேற்பரப்பிலேதான். அங்கிருந்து மின்னூட்டம் பெற்ற வெள்ளி அணுக்கள், அதாவது அயனிகள், நீரில் கரைந்து பாக்டீரியாக்களைக் கொல்லுகின்றன. பாலாடையிலிருந்து மிகமிகச் சிறிதளவே கரையும். நானோ துகள்களிலிருந்தோ, பரப்பு மிகுதியாதலால், விரைவாகக் கரையும்.

இத்தன்மை நம் நாட்டில் நற்பணிகளுக்கும் பயன்பட்டிருக்கிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் த. பிரதீப் அவர்களும் அவருடைய மாணவர்களும், வெள்ளி முதலிய உயர் உலோகங்களின் நானோ துகள்களைக் கொண்டு குடிநீரிலுள்ள பூச்சிமருந்தை நீக்கும் முறையைக் கண்டனர். 2007-ஆம் ஆண்டில் அம்முறை வீட்டு வடிகட்டிகளில் இடம்பெற்றது. 2009-ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்வச்’ வடிகட்டியில், உமிச்சாம்பலின்மேல் வெள்ளி நானோ துகள்கள் படியவைக்கப்பட்டிருந்தன. ஆகவே வெள்ளித் துகளைத் தீயது என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி.

காலுறையில் அது நிலைத்திருப்பதில்லை. 2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், கடைகளில் விற்கப்படும் பலவகை வெள்ளிக் காலுறைகளை வாங்கி நீரில் அலசிப் பார்த்தார்கள். சில வகைகள் வெள்ளியை விடாது பற்றிக்கொண்டிருந்தன. வேறு சிலவோ நான்கே அலசலில் ஏறக்குறைய முழுவதையும் நீரில் விட்டுவிட்டன. நாற்றம் போக்க வந்த வெள்ளி, நான்கு சலவையில் சாக்கடையைச் சேர்ந்தது.

நீரில் விழுந்த பின்

வெள்ளி நீரைவிடப் பத்து மடங்குக்கு மேல் கனமானது. ஆதலால் நேரே அடியில் சென்று தங்கிவிடும் என்று நாம் எண்ணுவோம். நானோ துகளின் செய்தி அவ்வாறன்று. 20 நானோமீட்டர் குறுக்களவுள்ள வெள்ளித் துகள் அசைவற்ற நீரில் ஒரு நாளில் அமிழும் தூரம், கணக்குப்படி, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இடுப்பளவு ஆழமுள்ள ஒரு மீட்டர் நீரின் அடியை அடைய ஏறக்குறைய 15 ஆண்டுகள் செல்லும்! நீரின் மூலக்கூறுகள் ஓயாது நாற்புறமும் மோதித் துகளை அலைக்கழிக்கின்றன. 1827-இல் இராபர்ட் பிரௌன் என்ற தாவரவியல் அறிஞர் உருப்பெருக்கியின் கீழ்க் கண்ட இவ்வாட்டத்துக்கு, 1905-இல் ஐன்ஸ்டீன் கணக்கு முறையில் விளக்கம் தந்தார்.

ஆனால் தனித்து அலையும் துகள்கள் ஒன்றுகூடிவிட்டால் நிலைமை மாறிவிடும். நம் ஊர்களில் கலங்கல் நீரைத் தெளியவைக்க என்ன செய்வார்கள்? பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து, நீரை ஊற்றி வைப்பார்கள். தனித்தனியே மிதந்த களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகி அடியில் தங்கும். படிகாரம் இடுவதன் பயனும் அதுவே. உலோகத் துகளும் இவ்விதிக்கு உட்பட்டதுதான். துகள்கள் ஒரேவகை மின்னூட்டம் பெற்றிருக்கும்வரை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பிரிந்தே நிற்கும். உப்பு நீரில் அத்தள்ளும் வலிமை குன்றும். துகள்கள் திரண்டு அமிழும். ஆதலால் ஆற்று நீரில் நெடுந்தொலைவு செல்லும் துகள், கடற்கழியின் உப்பு நீரைத் தொட்டதும் வெகுதூரம் செல்வதில்லை.

இதற்கு மாறான வேலையைச் செய்யும் பொருள்களும் உண்டு. இலைதழை அழுகி நீருக்குத் தேநீர் நிறம் தரும் கரிமப் பொருள்கள் துகளின்மேல் போர்வைபோலப் படியும். அவ்வாறு போர்த்த துகள்கள் எளிதில் திரள்வதில்லை. நெடுநேரம் மிதந்து செல்லும். ஆகவே ‘நீரில் துகள் எவ்வாறு செல்லும்’ என்று கேட்டால், ‘எந்த நீரில்?’ என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும்.

செடியின் பங்கு

இனி நீர்ச்செடிகளிடம் வருவோம். ஆகாயத்தாமரை என்று நாம் பொதுவாக வழங்கும் செடியைப் பொவாய் ஏரியில் கண்டிராத மும்பைவாசி அரியர். அதை நீரிலிருந்து தூக்கிப் பார்த்தால், கீழே கறுத்த வேர்கள் தூரிகைபோல் அடர்ந்து தொங்கும். நீருக்குள்ளேயே வாழும் வேலம்பாசி போன்ற செடிகளைத் தொட்டுப் பார்த்தால் தண்டும் இலையும் வழவழப்பாக இருக்கும். அவ்வழவழப்பு, பாசியும் பாக்டீரியாவும் சேர்ந்து அமைத்த மெல்லிய படலமாகும்.

இச்செடிகள் நான்கு வகையில் துகளின் பயணத்தை மாற்றுகின்றன. முதலாவது, செடிக் கூட்டத்தினிடையே நீரோட்டம் தளர்கின்றது. மிதந்து வந்த வண்டலும் அதில் ஒட்டிய துகளும் அங்கே படிகின்றன. இரண்டாவது, வேரும் வழவழப்புப் படலமும் துகள்களைப் பற்றிக்கொள்ளுகின்றன. மூன்றாவது, பகலில் செடி வெளியிடும் உயிர்க்காற்று வெள்ளியைக் கரைத்து அயனியாக்கத் துணைபுரிகின்றது. நான்காவது, செடி நீரில் கசியவிடும் கரிமப் பொருள்கள் அந்த அயனியைக் கட்டி அதன் நஞ்சை அடக்குகின்றன. ஒரே செடி ஒரு கையால் பிடிக்கிறது, ஒரு கையால் கரைக்கிறது, மற்றொரு கையால் நஞ்சைத் தணிக்கிறது என்று சொல்லலாம்.

நஞ்சு என்றது மிகையன்று. மனிதருக்குச் சிறிதளவு வெள்ளி பெருந்தீங்கு செய்வதில்லை. ஆனால் நீர்வாழ் உயிர்களுக்கு வெள்ளி அயனி மிகக் கொடியது. மீனின் செவுள் நீரிலிருந்து உப்புச்சத்தை ஈர்க்கும் வேலையை அது தடுத்துவிடுகிறது. பாசியையும், மீன்குஞ்சுக்கு உணவாகும் நுண்ணிய நீர்ப்பூச்சிகளையும் கொல்லுகிறது. அமெரிக்காவில் 2012-இல் வெளியான ஆய்வு ஒன்றில், செடி இல்லாத நீர்க்கலங்களைவிடச் செடி உள்ள கலங்களில் வெள்ளியின் நஞ்சு குறைந்தே காணப்பட்டது.

அதே ஆண்டில் அந்நாட்டு வட கரோலினா மாநிலத்து டியூக் பல்கலைக்கழகத்தினர் மற்றொரு முடிவை வெளியிட்டனர். திறந்த வெளியில் பெரிய பெட்டிகளை அமைத்து, மண், நீர், செடி, மீன் எல்லாம் வைத்து, சிறிய சதுப்பு நிலங்களையே அவர்கள் உருவாக்கியிருந்தார்கள். அவற்றில் வெள்ளி நானோ துகளை இட்டு 18 மாதங்கள் சென்றபின் தேடினார்கள். வெள்ளியின் பெரும்பகுதி மண்ணிலும் அடிச்சேற்றிலும் கிடந்தது. கந்தகத்தோடு கூடி ‘வெள்ளி சல்பைடு’ என்னும் கரிய பொருளாக மாறியிருந்தது. நம் வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கின்மேல் படிகின்ற கறுப்பும் அப்பொருளேதான். எளிதில் கரையாத பொருளாதலால் அதன் நஞ்சு மிகக் குறைவு. எனினும் கதை அங்கே முற்றுப்பெறவில்லை. அப்பெட்டிகளிலிருந்த செடிகளிலும், கொசுப்புழுவைத் தின்னும் சிறு மீன்களிலும் வெள்ளி புகுந்திருந்தது.

‘வெள்ளி கரையும் உலோகம், தங்கமாயின் அசையாது’ என்று எண்ணுவோர்க்கு 2018-ஆம் ஆண்டில் ஒரு வியப்புச் செய்தி வந்தது. அதே போன்ற சதுப்புநிலப் பெட்டிகளில் ஒன்பது மாதங்கள் தங்க நானோ துகளைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பார்த்தார்கள். தங்கத்தின் பெரும்பகுதி நீர்ச்செடியிடம் சென்று சேர்ந்தது. அங்கேயும் அது துகளாக இருக்கவில்லை! செடியின்மேல் வாழும் நுண்ணுயிர்கள் வெளியிட்ட சயனைடு அதைக் கரைத்துவிட்டிருந்தது. சுரங்கத்தார் தங்கத்தைப் பிரித்தெடுக்கக் கையாளும் அதே பொருளைக் குளத்துப் பாசி தானே செய்துகொள்ளுகிறது. காலங்காலமாக அழியாப் பொருள் என்று போற்றிய பொன்னும் செடியின் மடியில் கரைந்துபோகும் என்றால், மற்ற உலோகங்களைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

இவ்வாராய்ச்சிகள் உணர்த்தும் உண்மை ஒன்றே: நீர்ச்செடி உலோகத்தைப் பிடித்து வைக்கிறது, அழித்துவிடுவதில்லை. செடி எங்கே போகிறதோ அங்கே உலோகமும் போகும்.

நம் சான்பாடாவில்

அம்மையாரின் கேள்விக்குத் திரும்புவோம். அந்தத் தண்ணீர் எங்கே போகும்?

நம் நவி மும்பையில் கழிவுநீர்க் குழாய் வேறு; மழைநீர்க் கால்வாய் வேறு. குளியலறை நீரும் சலவை நீரும் கழிவுநீர்க் குழாயில் சென்று மாநகராட்சியின் சுத்திகரிப்பு நிலையத்தை அடைகின்றன. சுவிட்சர்லாந்து நாட்டில் மாதிரிச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் சோதித்து 2011-இல் வெளியிட்ட முடிவின்படி, அங்கே வந்து சேரும் வெள்ளித் துகளில் மிகப் பெரும்பகுதி கழிவுச் சேற்றில் தங்கி, வெள்ளி சல்பைடாக மாறிவிடுகிறது. ஆதலால் பேரனுடைய காலுறை வெள்ளி கழிவுநீர்க் குழாயில் சென்றால் அதிகக் கவலை இல்லை.

மழைநீர்க் கால்வாயின் நிலை வேறு. கடல் ஏற்றத்தின் மட்டத்துக்குத் தாழ்ந்த நிலத்தில் நகரை எழுப்பிய சிட்கோ நிறுவனத்தார், ஏற்றக் காலத்தில் மழைநீரைத் தேக்கி, இறக்கக் காலத்தில் கழியில் விடுவதற்காகத் தேக்கக் குளங்களை அமைத்தார்கள். கால்வாய் நீர் எந்தச் சுத்திகரிப்பும் இன்றி இக்குளங்களுக்கும் கழிக்கும் செல்கின்றது. கட்டடத்தின் முன்புறத்தில் வாளி நீரைக் கொட்டினாலும், வண்ணந் தீட்டிய தூரிகையைக் கழுவினாலும், வண்டியைத் துடைத்து அலசினாலும் அந்நீர் செல்லும் வழி இதுவே. வெள்ளி ஒன்று மட்டுமன்று. வெயிற்பூச்சுக் களிம்பிலுள்ள துத்தநாக ஆக்சைடும், சில பூச்சுகளிலுள்ள தாமிரமும் இவ்வாறே செல்லும்.

குளத்தை அடைந்தபின் அவற்றைப் பிடித்து வைப்பவை எவை? கால்வாயின் நன்னீர்ப் பகுதியில் ஆகாயத்தாமரையும் நாணலும். உப்பு நீரில் அலையாத்தி மரங்கள். மான்கூர்டைக் கடந்து வாஷிப் பாலத்தின்மேல் வண்டி வரும்பொழுது, நீர் வற்றிய நேரமாயின், அழுகிய முட்டை நாற்றம் ஒன்று நம்மைத் தாக்கும். ‘என்ன நாற்றம்!’ என்று மூக்கைப் பிடித்துக்கொள்ளுகிறோம். அலையாத்திச் சேற்றிலிருந்து கந்தகக் காற்று எழும் மணம் பெரும்பாலும் அதில் கலந்திருக்கும். அந்தக் கந்தகந்தான் வெள்ளியையும் துத்தநாகத்தையும் தாமிரத்தையும் கட்டிப் பூட்டி வைக்கும் சங்கிலி. கரிய சேறு காற்றுப் புகாமல் நீரின் கீழ் இருக்கும்வரை பூட்டு உறுதியாக இருக்கும். அதைத் தோண்டி எடுத்து வெயிலில் பரப்பினால், உயிர்க்காற்றுப் பட்டுக் கட்டுத் தளரும். துத்தநாகமும் தாமிரமும் விரைவிலும், வெள்ளி மிக மெல்லவும் விடுபட்டு, அடுத்த மழையில் மறுபடியும் நீரில் கலக்கும்.

இங்கேதான் நம் பகுதியின் வழக்கு ஒன்று எழுகின்றது. தேக்கக் குளங்கள் தூர்ந்து, அலையாத்தி மண்டிவிட்டன; ஆழம் குறைந்ததால் பெருமழையில் தெருவில் நீர் நிற்கிறது; தூர்வார வேண்டும் என்பது குடியிருப்போரின் குறை. அக்குறை நியாயமானதே. மழைநீர் வீட்டுக்குள் புகுந்தவர்க்கு நானோ துகளைப் பற்றி உபதேசம் செய்வது அழகன்று. மறுபுறம், 2018-ஆம் ஆண்டில் பம்பாய் உயர்நீதிமன்றம் மராட்டிய மாநிலம் முழுவதும் அலையாத்தியை அழிக்கக் கூடாதென்று தீர்ப்பளித்திருக்கிறது. தாணே கழியின் ஒரு பகுதி 2015-இல் பூநாரைச் சரணாலயமாயிற்று. 2022-இல் ராம்சார் உடன்படிக்கையின்படி உலகளாவிய மதிப்புடைய ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. நம் குளத்தின் மதகு திறந்தால் நீர் சேருவது அந்தப் பூநாரைகள் பாசியை அரித்துண்ணும் அதே கழியில்தான்.

இவ்விரண்டுக்கும் இடையே நாம் எடுக்கும் நிலை யாது? தூர்வாருவதா கூடாதா என்பதோடு வாதம் நின்றுவிடுகிறது. வாரிய சேறும் பறித்த செடியும் எங்கே போகும் என்று கேட்பார் அரியர். ஆகாயத்தாமரையை அகற்றுவோர் பல இடங்களில் அதைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவதை நாம் கண்டிருக்கிறோம். சில நாளில் அது அழுகி, பிடித்து வைத்திருந்த உலோகம் அனைத்தையும் மழையோடு அதே நீரில் விடும். ஓராண்டுக் காலம் செடி செய்த தொண்டு ஒரே வாரத்தில் வீணாகும். நகரத்துச் சாக்கடை நீரில் வளர்ந்த அச்செடியைப் பரிசோதியாமல் மாட்டுக்குத் தீனியாகவோ கீரைப் பாத்திக்கு எருவாகவோ இடுவதும் தகாது. அப்போது உலோகம் பாலுக்கும் உணவுக்கும் வழி தேடிக்கொள்ளும்.

இது மும்பைக்கு மட்டும் உரிய செய்தியன்று. நானோ துத்தநாகம், நானோ தாமிரம் என்னும் இஃப்கோ நிறுவனத்தின் உரங்களுக்கு 2024-ஆம் ஆண்டில் நடுவண் அரசு அனுமதி வழங்கியிருக்கிறது. அவை பயிருக்கு நன்மை தருமாயின் மகிழ்ச்சியே. ஆனால் நெற்பயிரும் நீரில் நிற்கும் செடியேயன்றோ? தஞ்சையிலும் நெல்லையிலும் வயல் வைத்திருக்கும் நம் உறவினர்கள் இவற்றை வாங்கும்போது, வயலிலிருந்து வடியும் நீர் எந்தக் குளத்தைச் சேருகிறது என்றும் எண்ணிப் பார்ப்பது நலம்.

நேயர்கள் செய்யக்கூடியவை சிலவே, ஆயினும் எளியவை. வண்ணம், பூச்சு, சலவை நீர் எதனையும் மழைநீர்க் கால்வாயில் ஊற்றாதீர்கள். கழிவுநீர்க் குழாயில் ஊற்றுங்கள். தேவையின்றி வெள்ளி கலந்த துணிகளை வாங்காதீர்கள். நாள்தோறும் துவைத்து உலர்த்திய பருத்திக் காலுறை நாற்றம் வீசாது. நம் சங்க இளைஞர்கள் நீர்நிலைத் தூய்மைப் பணிக்குச் செல்லும்பொழுது, பறித்த செடியை அன்றே கரையிலிருந்து அகற்ற மாநகராட்சி வண்டிக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு இறங்குங்கள். தூர்வாரும் பணி வரும்போது, ‘சேற்றைச் சோதித்தீர்களா? எங்கே கொட்டப் போகிறீர்கள்?’ என்ற இரண்டு கேள்விகளை மாநகராட்சிக்கு எழுத்து மூலம் கேளுங்கள்.

அம்மையாரை அடுத்த கூட்டத்தில் காணும்பொழுது நான் சொல்ல இருக்கும் விடை இதுதான்: “அம்மா, காலுறையின் வெள்ளி மறைந்துபோவதில்லை. அதைச் செடியும் சேறும் நமக்காகக் காத்து வைத்திருக்கின்றன. உங்கள் பாலாடையைப் பெட்டியில் நீங்கள் காத்து வைத்திருப்பது போலத்தான். பெட்டியைத் திறந்து கொட்டாமல் இருப்பது நம் பொறுப்பு.”